ஏழாயிரம் அடி ஆழத்தில் வானம் பார்த்தது

வானத்தைப் பார்க்கும் இடத்தில்தான் எனக்கு வேலை. அதற்காகத் தினமும் ஏழாயிரம் அடிக்கும் கீழே, தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குவேன். ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

"வானம் மேலதானேடா கீது?"

"மேல கூட்டம் ஜாஸ்தி. அதான் பின்வாசல் வழியா பாக்கறோம்" என்பேன்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயிலிருந்து சில சார்கள் வந்து, தங்கம் எடுத்து முடிந்த ஒரு குடைவில் ஆய்வுக்கூடம் போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்ற எனக்கு அங்கே எடுபிடி வேலை. பெட்டி தூக்குவேன், கண்ணாடிக் குழாய்களைத் துடைப்பேன், கேமரா ஃபிலிமை மேலே கொண்டுபோவேன். சார்களில் ஒருவர் மெட்ராஸ்காரர். ஒருநாள் என்னையும் ஒரு ஆளாக மதித்து விளக்கினார்.

"எங்கயோ தூரத்துல நட்சத்திரம் வெடிக்குது. அதுலேர்ந்து வர்றதா நாங்க நினைக்கிற துகள் நம்ம காத்துல வந்து மோதுது. அப்போ நியூட்ரினோன்னு ஒண்ணு பொறக்குது. மத்ததெல்லாம் மேல இருக்கற பாறையில நின்னு போயிடும். இது நிக்காது. பூமிக்கு அந்தப் பக்கம் நுழைஞ்சு இந்தப் பக்கம் வந்துடும்."

"டோக்கன் குடுக்காமயா சார்?"

சுரங்கத்தில் இறங்கும் யாரும் தலைவிளக்கு வாங்கும் லாம்ப் ரூமில் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதனால் கேட்டேன். சார் சிரித்துவிட்டார்.

அந்த நியூட்ரினோ எப்போதாவது பக்கத்துப் பாறையில் மோதினால் எங்கள் குழாய்கள் மினுக்கும், கேமரா படம் பிடிக்கும். வாரக்கணக்கில் ஒன்றும் வராது. முதல் தடவை ஒன்று மாட்டியபோது சார்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், மைசூர்பாகு வாங்கித் தந்தார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று யோசித்துக்கொண்டே மூன்று துண்டு தின்றேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயைக் கொடுத்தேன்.

கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லைன் என்போம். எங்கள் லைனில் அடுத்த வீடு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. ஆனாலும் அவள் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவும் நான் இறங்குகிற அதே ஷாஃப்ட்டில், அந்தச் சுரங்கக் கிணற்றில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவர்தான், பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அக்காவுக்கு உலகத்தில் ஒரே பயம், ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை சட்டென்று வெடிப்பதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளும். உடனே லைன் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்க மிஷின் இன்னாதான் பண்ணும்?"

"எங்கியோ நட்சத்திரம் வெடிச்சி, பூமியவே தொளைச்சிகினு வர்றதப் பாக்கும்க்கா."

"அப்போ பாறைக்குள்ள இன்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியும்?"

இந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா அந்த நேரம் பார்த்து வறுத்த கருவாட்டில் இரண்டாவது துண்டை என் தட்டில் வைத்தாள்.

"தெரியாம?"

"ஏர் பிளாஸ்ட்டு வர்றது கூடவா?"

"அதெல்லாம் அதுக்கு ஒரு வேலையாக்கா?"

மறுநாளிலிருந்து விடியற்காலையில் தண்ணீர்க் குழாயடியில் அக்கா காத்திருப்பாள். "இன்னிக்கு எப்படி தம்பி?" நான் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அமைதியா கீதுக்கா, அனுப்பு" என்பேன். மாமா ட்யூட்டிக்குப் போவார். எனக்கு இது பெரிய தமாஷாக இருந்தது.

அப்படி நான் அமைதி என்று அறிவித்த ஒரு நாளில், நாங்கள் கீழே இருக்கும்போதே ஏர் பிளாஸ்ட் வந்தது. காலடியில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. கூரையிலிருந்து பொடி கொட்டியது. மெட்ராஸ் சார் கேமரா ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தார், நான் சாரைக் கட்டிப்பிடித்தேன். வெடித்தது வேறு ஆழத்து லெவலில், ஆளில்லாத இடத்தில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"சார், இத முன்னாடியே சொல்ல நம்மகிட்ட ஏதாவது கீதா?"

"வந்தப்புறம் எங்க வந்ததுன்னு கணக்குப் போடலாம்ப்பா. வர்றதுக்கு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது."

மேலே வந்தால் ஷாஃப்ட் வாசலில் அக்கா. "இன்னாடா தம்பி, அமைதின்னு சொன்ன?" பயம் இன்னும் போகாத வாயிலிருந்து பதில் தானாக வந்தது. "அது சின்னதுக்கா. சின்னத எல்லாம் மிஷின் கண்டுக்காது."

அவள் அதையும் நம்பினாள்.

அடுத்த வாரம் ஃபிலிம் பெட்டியோடு சார்கள் என்னை பெங்களூருக்கு அழைத்துப்போனார்கள். திரும்ப நாலு நாள். சாயங்காலம் லைனுக்குள் நுழைந்தால், வாசலில் வெறுங்காலோடு மாமா.

"வாய்யா, விஞ்ஞானி."

"ட்யூட்டி போகலியா மாமா?"

"நாலு நாளா போகல. பூட்ஸ எங்கியோ ஒளிச்சி வெச்சிட்டா. மிஷின் சொல்லலியாம்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் போகலன்னா பேர அடிச்சிடுவேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டான். பேர் போனா வீட்டையும் காலி பண்ணணும். நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா. உனக்கு இன்னா, புதுசா?"

புதிதில்லைதான். அக்காவும் அதற்குள் வெளியே வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாள் சுலபமாகச் சொன்னதுதான். ஆனால் கூரையிலிருந்து கொட்டிய பொடி இன்னும் என் தலையில் இருக்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னிக்கா?"

"என்னிக்குமே."

"சின்னதக் கண்டுக்காதுன்னியே?"

"பொய்க்கா."

"தினம் காலையில சொன்னது?"

"அதுவும்."

"பூமிக்கு அந்தாண்ட இருந்து ஏதோ வருதுன்னது?"

"அது மட்டும் நெசம்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கியோ நட்சத்திரம் வெடிச்சா தெரியுது. தலைக்கு மேல கீற கல்லு வெடிக்கப்போறது தெரியல. இதுக்கா பம்பாயிலேர்ந்து வந்தாங்க?"

"கல்லு எப்போ வெடிக்கும்னு சாருக்கே தெரியாதுக்கா, கேட்டுப் பாத்துட்டேன்."

"கேட்டியா? பூட்ஸக் குடு" என்றார் மாமா.

அவள் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ எத்தினி மணிக்கு எறங்குற?" என்றாள்.

"ஒம்போது மணிக்கு, சாருங்களோட."

"இவரு ஆறு மணிக்கு. நாளையிலேர்ந்து நீயும் இவரோட அதே கேஜுல எறங்கு. அப்பதான் பூட்ஸ்."

"நான் போனா பாறை சும்மா கிடக்குமாக்கா?"

"கிடக்காது. ஆனா உன் உசுரும் கூடவே எறங்குதுன்னா, காலையில உன் மூஞ்சி பொய் சொல்லாது. அத நான் பாத்துக்கறேன், எடுபட்டவனே."

மாமா என்னைப் பார்த்தார். வேலை, வீடு இரண்டும் நான் தலையாட்டுவதில் நின்றன. ஆட்டினேன். அக்கா உள்ளே போய் அரிசி டின்னுக்குள்ளிருந்து பூட்ஸை எடுத்து வந்தாள்.

மறுநாள் முதல் ஆறு மணி கேஜில் நானும் நெருக்கியடித்து நின்றேன். இருட்டில் இறங்கும்போது மாமா எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னாடா, பாறை எப்படி கீது?" என்பார். கேஜே சிரிக்கும். யார் எதைச் சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிற நான், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

சார்கள் வருவதற்குள் எல்லாக் குழாயையும் இரண்டு தடவை துடைத்து வைத்திருப்பேன். ஒரு மாதம் பார்த்த மெட்ராஸ் சார் நெகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டினார். "மூணு மணி நேரம் முன்னாடியே வந்துடறியே! நட்சத்திரத்து மேல அவ்வளவு ஆசையாப்பா?"

"ஆமா சார்" என்றேன். இந்தப் பொய்யை நம்பி யாரும் கேஜில் ஏறப்போவதில்லை.