எஸ்தர் சிஸ்டர் கேட்ட மன்னிப்பு

எஸ்தர் சிஸ்டர் போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில சிங்கப்பூர் லிட்டில் இந்தியா ஸ்டேஷன் எஸ்கலேட்டர்ல இறங்கும்போது மெசேஜ் வந்துச்சு. பழைய வேலை இடத்து ஃப்ரெண்ட் ஃபரீதா. "சுமதி, எஸ்தர் சிஸ்டர் தவறிட்டாங்க. கேன்சராம். நம்ம யாருக்குமே தெரியல லா."

கீழ வந்து ரெண்டு ட்ரெயினை விட்டுட்டேன்...

இதைப் படிக்கற பல பேருக்கு அவங்களைத் தெரியாது. ஆங் மோ கியோ பக்கம் வயசானவங்களைப் பார்த்துக்கற ஒரு நர்சிங் ஹோம்ல நான் நர்ஸா இருந்தப்ப அவங்கதான் எங்க வார்டு மேனேஜர். ரொம்பக் கண்டிப்பு. அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்க நிமிர்ந்து நிப்போம்.

ஒரு நாள் ஒரு சீனத் தாத்தா கட்டில்லேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. கட்டிலோட சைடு ரெயில், அந்தத் தடுப்புக் கம்பி, இறக்கியே இருந்துச்சு. அவரைப் பார்த்துக்கறது என் பொறுப்பு.

ஷிஃப்ட் மாறற நேரம். எல்லார் முன்னாடியும், தாத்தாவோட மகனும் நின்னுட்டிருக்கும்போது, சிஸ்டர் கேட்டாங்க. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த யூனிஃபார்ம்?"

நான் ரெயிலை ஏத்திட்டுத்தான் போனேன்னு சொன்னேன். யாரும் நம்பல. டாய்லெட்ல போய் அழுதேன்.

மறுநாள் அதே நேரம், அதே இடம். சிஸ்டர் எல்லாரையும் நிக்கச் சொன்னாங்க.

"ரெயிலை இறக்கினது நான். ரவுண்ட்ஸ் வந்தப்ப அவருக்குத் தலகாணி சரி பண்ணேன், திரும்ப ஏத்த மறந்துட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. சுமதி மேல தப்பே இல்ல."

பார்த்தவங்க யாரும் கிடையாது. கேமரா கிடையாது. சொல்லாம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும்.

ரிப்போர்ட்லயும் தன் பேரையே எழுதினாங்க. தாத்தா மூணு வாரத்துல ஆஸ்பத்திரியிலேயே இறந்துட்டார். மகன் வந்து காரிடார்ல நின்னு கத்தினார். சிஸ்டர் தலை குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க.

மேனேஜர் வேலை போச்சு. வேற எங்கயாவது போயிருக்கலாம், போகல. அதே வார்டுல சாதாரண நர்ஸா, தன்னைவிடப் பத்து வயசு சின்னவங்களுக்குக் கீழ... டயப்பர் மாத்தினாங்க, வாந்தி தொடச்சாங்க.

என்கிட்ட தனியா மூணு தடவை மன்னிப்பு கேட்டாங்க. கடைசித் தடவை பேன்ட்ரியில. நான் மைலோ கலக்கிட்டிருந்தேன்.

"சுமதி, சர்ச்சுல முட்டி போட்டா உன் முகம்தான் வருது. உன்கிட்ட சரி பண்ணாம அங்க போய் என்னத்தை ஜெபம் பண்றது?"

"இட்ஸ் ஓகே சிஸ்டர்"னேன். திரும்பிக்கூடப் பார்க்கல.

ஓகே இல்ல. அவங்க அழுக்குத்துணி மூட்டையைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இன்னைக்குக் காலை வரைக்கும் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

இப்ப வேற இடத்துல நானும் மேனேஜர். போன வருஷம் மியன்மார்லேர்ந்து வந்த ஒரு நர்ஸை, டூட்டிக்கு வரலன்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சேன். அப்புறம் டூட்டி அட்டவணையைப் பார்த்தா, தேதியைத் தப்பா போட்டது நான்.

சொல்லணும்னு நினைச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு... அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டா.

மதியம் பொங்கோல்ல சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ உடலை வச்சிருந்தாங்க. சர்ச்சுலேர்ந்து நாலஞ்சு பேர் பாடிட்டிருந்தாங்க. பாதி நாற்காலி காலி. சிஸ்டர் முகம் ரொம்பச் சின்னதா ஆயிருந்துச்சு.

மகள் வந்து என் கையைப் பிடிச்சா. "ஆன்ட்டி, நீங்க அம்மாவோட வேலை பார்த்தவங்களா?"

"ஆமாம்மா."

"அம்மா ஏன் மேனேஜர் வேலையை விட்டாங்கன்னு வீட்ல சொன்னதே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னேன். தாத்தா விழுந்தது, சிஸ்டர் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டது, மூணு தடவை என்கிட்ட வந்தது. நான் சந்தோஷப்பட்டது வரைக்கும்.

அவ மெதுவா கையை எடுத்துக்கிட்டா.

நாளைக்கு மண்டாய்ல தகனம். லீவ் போட்டிருக்கேன், வருவேன்... பின்னாடி நிப்பேன்.

தூங்குங்க சிஸ்டர்.