கடவையில் முதுகு காட்டி நின்றவன்

நம்பாவிட்டால் போங்கள். போன மார்கழியில், மூன்று சனிக்கிழமைகள், இந்தக் கண்ணால் நான் பார்த்தது இது.

எனக்கும் றெனோல்டுக்கும் சரக்கு ரயில் எஞ்சின் என்றால் பைத்தியம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வீடு. லவால் நகரைத் தாண்டிக் காரில் ஒரு மணி நேரம் ஓடினால், வயல்களுக்கு நடுவே ஒரு குட்டி ரயில் பாதை. இருபது வருடம் புல் மூடிக் கிடந்தது. இப்போது ஐம்பது வயது எஞ்சின் ஒன்று தானியப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறது. அதை வீடியோ எடுக்கத்தான் போனோம்.

முதல் சனி. மாலை 4:18. இருட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் வெளிச்சம் தெரிந்த நேரம், ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் கடவையில், தண்டவாளத்தின் நடுவில் ஒருவன் நின்றான். கறுப்புக் கோட். எனக்கு முதுகு.

"விலகுங்கோ! ரயில்!" என்று கத்தினேன்.

ரயில் அவன் மேலேயே போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பனியில் காலடிகூட இல்லை.

றெனோல்ட் எரிந்து விழுந்தான். "உனக்கென்ன விசரே? வீடியோ எடுக்கேக்கை வாய் திறக்கக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அங்க ஒருத்தரும் இல்லை!"

அந்த வீடியோவை எங்கள் ரயில் குழுவில் போட்டான். என் அலறலைக் கேட்டு நாற்பது பேர் சிரித்தார்கள். அவமானத்தில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாம் சனி. 4:19. அதே இடம், அதே முதுகு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரயில் போனது. கடவை வெறுமையாக இருந்தது.

"இப்பதான் நீ மனுசன்," என்று றெனோல்ட் முதுகில் தட்டினான்.

மூன்றாம் சனி. "நான் அங்கால நிண்டு எடுக்கிறன்," என்று அவன் கடவையைத் தாண்டிப் போனான்.

4:16. தூரத்தில் ஹோர்ன்.

4:17. முதுகு.

இனி என்னை ஏமாற்ற முடியாது என்று சிரித்தேன்.

ஹோர்ன் நிற்கவில்லை... விடாமல் அலறியது.

பிறேக் கிறீச்சிட்டது...

நான் வாய் திறக்கவில்லை.

டப்.

பனியில் கிடந்தது றெனோல்ட்.

செத்தவீட்டில் அவன் மனைவி அனோஜினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பக்கத்திலதானே நிண்டனீங்கள்... ஏனண்ணா கூப்பிடேல்லை?"

மூன்று கிழமை கழித்துப் பொலிஸ் என்னை அழைத்தது. என் வீடியோவில் எஞ்சின் வெளிச்சம் கண்ணைக் கூசியதில் வேறெதுவும் தெரியவில்லை. எஞ்சினின் முன்பக்கக் கமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

தண்டவாளத்தில் இரண்டு பேர், எதிரெதிரே. எனக்கு முதுகு காட்டி அந்தக் கறுப்புக் கோட்காரன். அவனுக்கு அந்தப் பக்கம், நான் நின்ற திசையைப் பார்த்தபடி றெனோல்ட். அந்த முதுகுதான் றெனோல்டை எனக்கு மறைத்திருக்கிறது.

"மற்ற ஆள் எங்கே?" என்று அதிகாரி கேட்டார். அங்கே கிடைத்தது ஓர் உடல்தான்.

அவனுடைய ஒரு கை றெனோல்டின் பிடரியில். மற்றக் கை றெனோல்டின் வாயைப் பொத்தியிருந்தது.

பதினொரு வினாடி றெனோல்ட் திமிறியிருக்கிறான்.