செவ்வாய்க்கிழமை பூட்டிய ஏர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைப்பவர்கள். கழுகுமலைப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சரானதும், முழு ஆண்டுத் தேர்வுக் கணக்குத் தாளை நானே தயாரித்தேன். புத்தகத்துக் கணக்கைத் திருப்பிக் கேட்காமல், பிள்ளைகளின் ஊரை வைத்தே கேட்க வேண்டும் என்று ஆசை. ஏழாவது கேள்வியில் எனக்குப் பெருமை அதிகம்:

‘திங்கள் இரவு கனமழை. செவ்வாய் காலை ஏர் பூட்டினார்கள். நாளுக்கு அரை ஏக்கர் வீதம் மூன்று ஏக்கரை எந்தக் கிழமை உழுது முடிப்பார்கள்?’

விடை ஞாயிறு. பேச்சியம்மாள் புதன் என்று எழுதியிருந்தாள். ஐந்து மார்க்கும் போயிற்று. மொத்தம் முப்பத்தொன்று; முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

மறுநாள் அவள் அப்பா வந்தார்.

“பிள்ள பேர எடுத்துருங்க டீச்சர். ஃபெயிலானா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வண்டில ஏத்திருவேன்னு முன்னமே சொல்லிட்டேன்.”

“எங்க தப்பு விட்டாள்னு பாருங்க அண்ணாச்சி” என்று கேள்வியை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“கனமழைக்கு மறுநாளு கரிசல்ல மாட்ட எறக்குனா முழங்கால் மட்டும் பொதஞ்சுல்லா நிக்கும். எந்தக் கிறுக்கன் எழுதுனது இத?”

“நாந்தான்.”

அவர் தரையைப் பார்த்தார். நான் விடைத்தாளைப் பார்த்தேன். ‘ஈரம் காய மூன்று நாள். வெள்ளி பூட்டுவார்கள்’ என்று ஓரத்தில் எழுதி, அங்கிருந்து ஆறு நாள் எண்ணியிருந்தாள். கணக்கு சரி. அந்த ஓரத்தை நான் படிக்கவே இல்லை.

மார்க்கைத் திருத்த வேண்டும் என்றதும், தலைமையாசிரியர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். “திருத்துனா காரணம் எழுதி நீதான் கையெழுத்துப் போடணும்மா. இன்ஸ்பெக்‌ஷன்ல ஒன்னத்தான் கேப்பாக.”

“கேக்கட்டும் சார்.”

‘வினா பிழை, விடை சரி’ என்று சிவப்பு மையில் எழுதினேன். முப்பத்தாறு. மற்ற தாள்களையும் ஓரம் வரை படித்துத் திருத்தினேன்.

அதன்பின் எந்த வேலையைப் பற்றிக் கணக்கு எழுதினாலும், அந்த வேலை செய்கிறவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டுகிறேன். அதற்குப் பேச்சியம்மாளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில் சேர டி.சி. வாங்க வந்தபோது அவளிடம் நன்றி சொன்னேன். அவள் தயங்கி, “ஒம்பதாவது கேள்வியையும் ஒருக்கா பாத்திருங்க டீச்சர்” என்றாள்.

பார்த்தேன். அதுவும் தப்புதான்.