கூழும் கிருபானந்தமும்

பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் கேழ்வரகுக் கூழுக்கு மவுசு வந்ததென்றால் அதற்கு ஒரே காரணம் கிருபானந்தம்தான். தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. முறுக்கு மீசை. அவர் அதட்டினால் ஊறப்போட்ட தோலும் எழுந்து நிற்கும் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவருக்குச் சிறுநீர் அடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் பிராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் வேதாசலம் பொறுமையாக விளக்கினார்.

"ஆம்பளைங்க உடம்புல சொரக்கிற ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. அத நிறுத்தணும். ஒண்ணு, வெதைய எடுக்கணும். இல்லன்னா பொம்பளை ஹார்மோன் மாத்திரை சாப்பிடணும், மார்பு கொஞ்சம் வீங்கும். கொழுப்பையும் கம்மி பண்ணிக்குங்க."

கிடாவுக்குக் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்த மனிதர், மாத்திரையே மேல் என்று வாங்கி வந்தார். இரண்டு மாதத்தில் வலி குறைந்தது, மார்பு தடித்தது. வேர்வையில் சட்டை ஒட்டியபோது ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே மாத்திரைக்கு முழுக்குப் போட்டார். டாக்டர் சொன்னதில் கொழுப்பு மட்டும் நினைவில் நின்றது. கறியை விட்டார், மூன்று வேளையும் கூழ்.

"மாத்திரை இன்னாத்துக்கு? கூழே போதும்" என்றார் மனைவியிடம்.

மனைவி ஜெயபுஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். பிடிவாதக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்தவர், வாதாடவில்லை. தானே மாத்திரை வாங்கி, டம்ளர் அடியால் நுணுக்கிக் கூழில் கரைத்தார். கண்டுபிடித்துக் கூழையும் நிறுத்திவிட்டால் மனிதர் தங்கமாட்டாரே என்ற பயம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

கிருபானந்தம் தேறினார். சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார். ஆண்டவருக்கு ஒரு வரி, மீதி முழுக்கக் கேழ்வரகுக்கு. போதகர் ஐயர் என்ன செய்வார் பாவம், "ஆமென்" என்று சொல்லி உட்காரவைத்தார். மார்பு இன்னும் பெருத்தது. "கூழு குடிச்ச ஒடம்பு, அப்பிடித்தான் பூசும்" என்று அதையும் கூழின் கணக்கிலேயே சேர்த்தார். ஊரில் பாதிப் பேர் பிரியாணியைக் குறைத்தார்கள்.

எண்பத்தொன்றில் அவருடைய சிநேகிதர் அப்துல் சமத்துக்கு அதே நோய், அதே டாக்டர், அதே மாத்திரை. சமத் தன் மனைவி ஹலீமா பீயோடு நேரே கிருபானந்தத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பொம்பளை மாத்திரைய நான் தொட மாட்டேன் தோஸ்த். உன் கூழே எனக்கும் போதும்."

சமையலறையில் இருந்த ஜெயபுஷ்பத்தின் காதில் இது விழுந்தது. சொன்னால் கணவரின் மானம் போகும், நாளைய கூழும் போகும். சொல்லாவிட்டால் சமத் செத்துப்போவார். வெளியே வந்து, "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

கிருபானந்தம் கையமர்த்தினார்.

"சமத்து, கூழ நீயே கரைச்சிக்காத. ஹலீமா கையாலதான் குடிக்கணும். எப்பிடிக் கரைக்கறதுன்னு ஜெயபுஷ்பம் உள்ள வெச்சி சொல்லிக் குடுக்கும். அதுல வெள்ளையா இன்னா மெதந்தாலும் கேள்வி கேக்காம முழுங்கிடு. நான் மூணு வருசமா அப்பிடித்தான் முழுங்கிக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு தெருவைப் பார்த்தார். மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

ஜெயபுஷ்பம் ஹலீமா பீயை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டே மாத்திரை டப்பியை எடுத்து அந்த அம்மாவிடம் காட்டினார்.