இரண்டு மடக்கு மோர்

நாற்பத்தொரு வயதில், காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பர்தமானைத் தாண்டிப் போய்த் திரும்பி, இரவு ஏழரைக்குள் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப்போகிறேன் என்று அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு எதையும் முடித்துவிட்டுச் சொல்கிற பழக்கம் கிடையாது. ஹவுராவுக்கு ஆற்றின் இக்கரையில், டல்ஹவுசியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எதிர் மேஜைத் தாதா கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். வங்காள வழக்கப்படி எங்களுக்கு அவர் தாதா, அதாவது அண்ணன்; அவருக்கு நான் பௌதி, அண்ணி. “பௌதி, பர்தமானுக்கு நல்ல லோக்கல் ட்ரெயின் இருக்கிறது. உட்கார இடமும் கிடைக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் நான் பின்வாங்குவதாக இல்லை.

இரண்டாயிரத்துப் பத்து பிறக்க இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருந்தன. டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு அருகே ஏரியைச் சுற்றி விடிகாலையில் சைக்கிள் ஓட்டுகிற பத்திருபது பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழுவாக இயங்கினோம். பெண் என்று நான் ஒருத்திதான். குழுவில் யாரோ வெளிநாட்டு விதிகளைத் தேடிப் படித்து, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதினார்கள். பந்தயம் என்று பெயர். முதலில் வருபவருக்குப் பரிசு ஒன்றும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் வரவேண்டும், யார் உதவியும் இல்லாமல் வரவேண்டும், அவ்வளவுதான். வழியில் இருக்கும் சாவடிகளில் கையிலிருக்கும் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு வரவேண்டும். கடைசியில் அந்த அட்டைக்கு ஒப்புதல் கிடைத்தால், நாம் இருநூறு போனவர்கள். கிடைக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்தவர்கள்.

தலைக்கவசம் கட்டாயம். முன்னால் ஒரு விளக்கு, பின்னால் இரண்டு. வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்த சட்டை. மாற்று டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் நாமே சுமக்கவேண்டும். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியதை நாமும் வாங்கிச் சாப்பிடலாம். சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாரும் சாவடி தவிர வேறெங்கும் தண்ணீர்கூடத் தரக்கூடாது. பின்னால் கார் வரக்கூடாது. மீறினால் வந்து சேர்ந்த நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிவிடுவார்கள்.

இந்த விதிகளைப் படித்து மனதார மகிழ்ந்த ஒரே மனிதர் என் கணவர். ஹவுராவிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்களில் கார்டாக இருந்தவர். ரயிலின் கடைசிப் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்றால், பாதி ரயில் கழன்று எங்கோ தண்டவாளத்தில் நிற்கிறது என்றுதான் ஸ்டேஷன்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவருக்குப் பின்விளக்கு என்பது விளையாட்டு விஷயமே இல்லை. சைக்கிள் ஏறத் தெரியாத அவரைத்தான் குழு நேரக் கணக்குக்கும் சோதனைக்கும் நியமித்தது. அவர் கைக்கடிகாரம் ரேடியோ செய்தி மணியோடு வினாடி பிசகாமல் ஓடும். வீட்டில் பால் பொங்குவதற்கும் அவரிடம்தான் மணி கேட்போம்.

மார்ச் மாத ஞாயிறு. புறப்படும் இடமும் திரும்பி வந்து சேரும் இடமும் டான்குனி. அங்கே ஒரு டீக்கடை வாசலில் அவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சைக்கிளாகப் பிரேக்கை அமுக்கி, விளக்கைப் போட்டுப் பார்த்து, அட்டையில் கையெழுத்திட்டார். என் முறை வந்தது. முதுகுப் பை சட்டையின் மின்னும் பட்டையை மறைக்கிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார். பையை அவிழ்த்து சைக்கிள் கம்பியில் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றேன். “வீட்டுக்காரின்னு ஒரு இது கிடையாதா?” என்று கேட்டேன். “அதான் நல்லாப் பாத்தேன்” என்றார்.

முதல் நூறு எப்படிப் போனது என்று சொல்ல எனக்கு இன்னும் ஆசைதான். எக்ஸ்பிரஸ் சாலையில் இரண்டு பக்கமும் பச்சை நெல். லாரிகள் என்னைக் கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். சக்திகர் என்ற ஊரில் வரிசையாக இனிப்புக் கடைகள். பர்தமானைத் தாண்டியிருந்த தாபாதான் சாவடி. பன்னிரண்டு பத்துக்கு அங்கே முத்திரை வாங்கினேன். ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டேன். இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. எதிர் மேஜைத் தாதாவின் முகத்தை நினைத்துக்கொண்டு உற்சாகமாகத் திரும்பினேன்.

நூற்று இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் பின் டயரில் ஆணி ஏறியது. ஏரிக்கரையில் கற்றுக்கொண்ட வேலைதான். ஆனால் ஏரிக்கரையில் மர நிழல் இருந்தது. இங்கே கொதிக்கிற தாரில் மண்டியிட்டு டயரை நெம்பியதில் கட்டைவிரல் கிழிந்தது. இருந்த ஒரே மாற்று டியூப் வால்வு ஓரத்தில் காற்று விட்டது. பழைய டியூபையே ஒட்டி மாட்டி எழுந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரும் முடிந்திருந்தது. அதற்கப்புறம் எட்டொன்பது கிலோமீட்டருக்கு ஒரு பெட்டிக்கடைகூடக் கண்ணில் படவில்லை. காது அடைத்துக்கொண்டது. இரண்டு தரம் சைக்கிள் தானாகச் சாலை ஓரத்து மண்ணில் இறங்கியது.

அப்போதுதான் ஒரு வேப்ப மரத்தடியில் வாடகை அம்பாசடர் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா ஹவுரா ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். எனக்கு ஏழு வயதில் அம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தது என்னைவிட ஆறே வயது மூத்த அக்காதான். பிறகு காளிகாட்டில் முறுக்கு, சேவு, அப்பளம் விற்கிற திருநெல்வேலிக்காரர் கடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இருபது வருடமாக அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஊருக்கே பலகாரம் கொடுத்தவள். வீட்டில் யாராவது ரயிலேறினால் அவள் கட்டிக்கொடுத்த சோறு கூடவே ஏறும். தங்கை ஒருத்தி நாள் முழுக்கச் சாலையில் கிடக்கப்போகிறாள், அவளுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றால் அது அவளுக்கு எந்த ஊர் நியாயமாகவும் படவில்லை.

“ஏட்டி, என்ன கோலம்டி இது!” என்று ஓடி வந்தாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். தூக்குவாளி மூடியைத் திறந்து என் வாயருகே பிடித்தாள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். குடித்தேன். இரண்டு மடக்கு.

மூன்றாவது மடக்குக்கு முன்னால்தான் உறைத்தது. வாளியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

“அக்கா, இது கூடாது.”

“எது கூடாது? மோரா?”

“நீ குடுத்தது கூடாது. கடையில வாங்கிக் குடிக்கலாம்.”

“அப்ப நானும் கடைக்காரிதான. வாங்கிக்க.” தயிர்ச்சோறு இருந்த டப்பாவையும் திறந்தாள். நார்த்தங்காய் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்றேன்.

“யாருட்டி பாக்கா இங்க? என் கையால சாப்பிட மாட்டேங்கியா நீ?” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நான் சைக்கிளில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் அந்த அம்பாசடர் என் வேகத்துக்கு ஊர்ந்து வருவது கேட்டது. இறங்கி நின்று, நடுச்சாலையில், என்னை வளர்த்தவளைப் பார்த்துக் கத்தினேன். “போயிரு அக்கா! தயவு செஞ்சு போயிரு!” கார் என்னைக் கடந்து போனது. அவள் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை வந்தது. அங்கே வயிறு முட்டத் தண்ணீரும் நான்கு வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் பத்தே நிமிடம் அக்கா பொறுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அவள் இல்லாவிட்டால் அந்த இரண்டு கிலோமீட்டரை நான் தாண்டியிருப்பேனா என்ற சந்தேகமும் வந்தது. அந்தச் சந்தேகம்தான் கடைசி வரைக்கும் கூடவே மிதித்துக்கொண்டு வந்தது.

சொல்வதா, வேண்டாமா? பார்த்தவர் யாருமில்லை. ஏழு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். சொன்னால் ஒரு மணி நேரம் கூடும். ஏழரை தாண்டிவிடும். அட்டை செல்லாது. அலுவலகத்தில் சிரித்தவர்கள் இன்னொரு முறை சிரிப்பார்கள். இரண்டு மடக்கு மோருக்கு நாள் முழுக்க மிதித்ததைக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். அந்த ஆளிடம் பொய் அட்டையை நீட்டி ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்துவதா என்று இன்னொரு பக்கம். இருட்டத் தொடங்கியது. விளக்குகளைப் போட்டேன். இறங்கிப் பின்விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு ஏறினேன். சிங்கூர் தாண்டியபோது முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் கால் லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. நன்றாகவே வலித்தது.

டான்குனி டீக்கடையில் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு அம்பத்தொண்ணு” என்றார். பக்கத்தில் பெஞ்சில் அக்கா. எனக்கு முன்னால் வந்தவர்கள் கைதட்டிச் சத்தம் போட்டார்கள். அட்டையை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க. வழியில மோர் குடிச்சேன். அக்கா குடுத்தா” என்றேன்.

அக்கா துள்ளி எழுந்தாள். “ரெண்டு மடக்கு தம்பி! சத்தியமா ரெண்டே மடக்கு! நாக்கு வறண்டு நின்னா. குடுக்காம இருக்க நான் என்ன மரமா?”

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “உங்க மேல தப்பில்ல மதினி” என்றார். பிறகு என்னிடம், ரயிலில் எது நடந்தாலும் கேட்கிற அதே குரலில், “எந்த இடம்? எத்தன மணி?” என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். ஆறு ஐம்பத்தொன்றுக்குக் கீழே ஒரு மணி நேரம் கூட்டி ஏழு ஐம்பத்தொன்று என்று எழுதினார். ஒப்புதல் இல்லை என்று எழுதினார். ஓட்டியவரே தெரிவித்தது என்று அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். அந்த வரி விதித்தாளில் கேட்கப்படவில்லை. கையெழுத்துப் போட என்னிடம் தந்தார். போட்டேன். கட்டைவிரல் ரத்தம் அட்டையின் ஓரத்தில் பட்டது.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போதும் அளக்கத் தெரியவில்லை. அழுதுகொண்டேதான் இருந்தேன். ஆனாலும் பெருமைதான். சட்டம் பேசுகிற புருஷன் பெண்டாட்டிக்காக ஒரு நிமிடம்கூட வளையவில்லை என்ற பெருமை. நானும் அவருக்கு ஒரு படி குறைந்தவள் இல்லை என்ற பெருமை. திங்கட்கிழமை எதிர் மேஜைத் தாதாவிடம் நானே போய்ச் சொன்னேன். இருநூறும் மிதித்தேன், அட்டை செல்லவில்லை, காரணம் இது. அவர் சிரிக்கவில்லை. “ஏன் பௌதி சொன்னீர்கள்?” என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த மாதம் என் கணவரைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பி, அந்த இரண்டு பக்க விதிகளையும் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாளாம். நடுநடுவே கேள்வி. சாவடியில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமா? எல்லாருக்கும் கொடுத்தால் தங்கைக்கும் கொடுக்கலாமா? அவர் வீட்டுக்கு வந்து, “உங்க அக்கா டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினா எனக்கு மேல போயிருப்பா” என்றார்.

காளி பூஜை முடிந்து பனி இறங்கிய நவம்பரில் மறுபடி அதே சாலை. பதினொன்றரைக்குப் பர்தமான் தாபாவை அடைந்தேன். மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் இரண்டு பெரிய பாத்திரம், ஒரு மோர்ப் பானை. பின்னால் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு அக்கா. ஓட்டிகள் எல்லாரும் தட்டோடு நின்றார்கள். நான் நேராக அவளிடம் போனேன்.

“வரிசையில வாங்க” என்றாள். வாங்களாம்! என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு பேருக்குப் பின்னால் போய் நின்றேன். என் முறை வந்ததும், “அட்டை?” என்று கை நீட்டினாள். காட்டினேன். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயிர்ச்சோறு வைத்தாள். எல்லாருக்கும் வைத்த அதே இரண்டு கரண்டி. ஒரு பருக்கை கூடுதல் இல்லை.

எனக்குப் பின்னால் நின்ற வங்காளி ஓட்டி எங்கள் இருவர் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “இவங்க உங்க தங்கையா?” என்று அவளிடம் கேட்டார். அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. காளிகாட் வங்காளத்தில் பதில் சொன்னாள்.

“சாயங்காலம் ஏழரை வரைக்கும் இல்லை.”