அடுத்தவள் பிள்ளைக்குப் பேசுகிறவள்

வேலூர் ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் நானும் என் தோழியும் பிள்ளைகளை மாற்றிக்கொள்வோம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்து பழக்கமானவர்கள். அவள் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால் விறைப்பு, நடக்க வராது. முழங்காலை நீட்டிப் பிடித்தால் அழுவாள். தாய்க்காரி உடனே கையை விட்டுவிடுவாள். நான் விட மாட்டேன். என் மகனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் கேட்பதற்குள் நானே பிஸ்கட்டை நீட்டிவிடுவேன். அவளோ அவன் ஒரு சத்தமாவது கொடுக்கும் வரை டப்பாவைத் திறக்க மாட்டாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள், பொறுமைக்குக் குறைவில்லை.

போன வருஷம் என் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் வாதாடி என் மகனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இந்த வருஷம் அவள் தெருப் பள்ளியில் அவள் மகளின் முறை. அங்கேதான் தப்பு செய்தாள். எனக்குச் சொல்லாமல் தானே போய்விட்டாள்.

"கெஞ்சிப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணாங்கிளாஸ் மாடியில இருக்குதாம், தூக்கிட்டு ஏற ஆள் இல்லையாம். ஒரே பேஜாரா போச்சு. வுட்டுடலாம்" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் பிள்ளைக்கு நீ பேசுனா கெஞ்சத்தான் வரும். நாளைக்கு நான் பேசுறேன். நீ வாயே தொறக்காத."

மறுநாள் அவள் மகளையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம். தலைமை ஆசிரியை அதே மாடிக் கதையை எனக்கும் சொன்னார்.

"கீழ எந்த கிளாஸ் இருக்குது டீச்சர்?"

"அஞ்சாவது."

"அந்தப் பசங்களுக்கு மாடி ஏற வராதா?"

தோழி என் தொடையைக் கிள்ளினாள். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அம்மாவா?"

"இல்ல, அவங்கதான் அம்மா. அவங்க உங்களப் பாத்து பாவப்படுவாங்க. நான் படமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். ஜன்னல் வழியே கீழ்த்தள வகுப்பை எட்டிப் பார்த்தார். "பெஞ்செல்லாம் எறக்கணும்மா."

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம், எறக்கித் தர்றோம்."

"சரி. ஸ்கூல் தொறக்குறப்போ ஒண்ணாவது கீழ இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அதுவரை தாயின் மடியில் சும்மா உட்கார்ந்திருந்த சிறுமி நிமிர்ந்தாள்.

"எனக்கு ஜன்னல் ஓரம் வேணும் டீச்சர்."

கிடைத்த இடமும் கைநழுவிவிடுமோ என்று பதறிய தாய், அவள் வாயைப் பொத்தப் போனாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"பேசட்டும் விடு. அவளுக்கு அவளே பேசுறா."