முகாமுக்கு வராத பிள்ளைகள்

வெயில் ஏறுவதற்கு முன்பே சுடர்விழி சுண்ணாம்புக் கோடுகளைப் போட்டு முடித்துவிட்டாள். ஓட்டப் பந்தயத்துக்கு நீளக் கோடுகள், சாக்கு ஓட்டத்துக்குத் தனியாக ஒன்று, நாற்காலி சுற்றும் ஆட்டத்துக்கு ஒரு வட்டம். பள்ளிக்கூட வேப்பமரத்தில் பேனர் கட்டியாகிவிட்டது: ‘சுடர் கோடை விளையாட்டு முகாம். நடத்துபவர்: சுடர்விழி, பி.எஸ்சி., பி.எட்.’ மூலையில் அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் படம் கொஞ்சம் முறைத்தபடி இருந்தது.

பிள்ளைகள்தான் வரவில்லை. அடுத்த வீட்டு அண்ணனும் தங்கச்சியும் மட்டும் வந்து நின்றார்கள். அவர்களையும் அவர்களுடைய அம்மா தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போயிருந்தாள்.

“மத்தவங்க எல்லாம் எங்கடா?”

“திடலுக்குப் போயிட்டாங்க டீச்சர்.” பையன் காலால் கோட்டைக் கலைத்தான். “நாங்களும் போகட்டுமா டீச்சர்? எங்க அம்மா கேட்டா இங்கதான் இருந்தோம்னு சொல்லிருங்க.”

தெற்கே ஜல்லிக்கட்டுத் திடலிலிருந்து பெருங்கூச்சல் கேட்டது. திருவிழாக் கூச்சல் இல்லை, பிள்ளைகளின் கூச்சல். அதற்குள் தன் மகள் பொற்கொடியின் குரலும் இருப்பது சுடர்விழிக்குத் தெரிந்தது.

குடுமியான்மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஆவாரங்குடிப்பட்டியில் சுடர்விழியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அரசுப் பள்ளிக்கூடமும் அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. தகுதித் தேர்வில் தேறியும் வேலை வரவில்லை. அன்னவாசலில் ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் கணக்கு எடுத்தாள். பொற்கொடி பிறந்ததும் அதுவும் நின்றுபோனது. கொரோனா சமயத்தில் பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் இந்த முகாமை ஆரம்பித்தாள். வருசா வருசம் கோடை விடுமுறையில். காசு வாங்குவதில்லை. வரிசையில் நின்றால் போதும், விசில் ஊதினால் கேட்டால் போதும். கடைசி நாளில் சான்றிதழும் டிபன் பாக்ஸும் கொடுப்பாள். அதற்குக் கூலியாக ஊர் அவளுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. கடைத்தெருவில் “வாங்க டீச்சர்”, பஸ்ஸில் “உக்காருங்க டீச்சர்.” முகாம் நேரத்தில் பெற்ற மகள்கூட அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

இந்த வருசம் ஷர்லி வந்து சேர்ந்தாள்.

ஷர்லி கட்டுமாவடிக்காரி. மீன் வண்டி ஓட்டும் பெலிக்ஸைக் கட்டிக்கொண்டு போன வருசம் இந்த ஊருக்கு வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஏதோ ஒரு குழந்தைகள் மையத்தில் வேலை பார்த்தாளாம். சித்திரையில் இரண்டாவது தடவை ஜல்லிக்கட்டு நடத்துவதாக இருந்து அனுமதி கிடைக்காமல் போனதில், கேலரிக்கு நட்ட சவுக்குக் கம்புகளும் பனந்தடிகளும் திடலிலேயே நின்றுவிட்டன. காளைகள் குதித்து வரும் இடத்தில் கொட்டிய தேங்காய் நார்த் தூளும் மெத்தை மாதிரி அப்படியே கிடந்தது. ஷர்லி அதைப் பார்த்தாள். பெலிக்ஸ் கட்டுமாவடியிலிருந்து திரும்பும்போதெல்லாம் வண்டியில் பழைய வலையும் கயிறும் மிதவையும் ஏற்றி வந்தான். லாரி ஷெட்டில் தேய்ந்த டயர்களைச் சும்மாவே கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் ஷர்லி செய்தது. மீதி எல்லாம் பிள்ளைகளே கட்டிக்கொண்டது.

சுடர்விழியால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ அவர்களைக் கொண்டுபோய் விடுகிறவள்போல, திடலுக்கு நடந்தாள்.

கம்புக்குக் கம்பு வலை கட்டியிருந்தது. அதில் பிள்ளைகள் ஓணான் மாதிரி தொற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பழைய கதவை டயர்மேல் போட்டு, “கப்பல் கெளம்புது, ஏறாதவங்க நீந்தி வாங்க” என்று கத்தினான். இரண்டு பெண்பிள்ளைகள் சுத்தியலால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி மேலிருந்து கயிற்றைப் பிடித்து ஆடி வந்து நார்த் தூளில் பொத்தென்று விழுந்து, எழுந்து மறுபடி ஓடினாள். அம்மாவை அவள் பார்க்கவே இல்லை.

ஷர்லி வேலமர நிழலில் கவிழ்த்த மீன்கூடை மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. உக்காருங்க.”

“இருக்கட்டும். என்ன ஷர்லி, பிள்ளைங்க கையில சுத்தியலக் குடுத்துட்டு நீ கீரை உருவுற?”

“கொழம்பு வைக்கணும்லக்கா.”

“அதக் கேக்கல. ஒண்ணு சொல்லிக் குடுக்கமாட்டியா?”

“அவங்களாக் கேட்டா சொல்லுவேன்க்கா. கேக்கலன்னா பாத்துக்கிட்டு இருக்கணும். திருச்சியில அப்படித்தான் எங்களப் பழக்குனாங்க. சும்மா உக்காந்திருக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம்.”

“பாத்தாலே தெரியுது, ரொம்பக் கஷ்டப்படுற,” என்றாள் சுடர்விழி.

ஷர்லி அதற்கும் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்புதான் ஆகவில்லை. கோடு போட்டு, நாற்காலி சுமந்து, தொண்டை வறளக் கத்திப் பிள்ளைகளைச் சேர்த்தவள் ஒருத்தி. கீரை உருவுகிறவளிடம் போய் ஒட்டிக்கொண்டன அத்தனையும். அங்கே அவளை யாரும் டீச்சர் என்றுகூடக் கூப்பிடவில்லை. ஷர்லிக்கா, ஷர்லிக்கா என்று தோழிபோலக் கூப்பிட்டார்கள். அது இன்னும் எரிந்தது.

அன்று சாப்பிடும்போது பொற்கொடியின் தலையில் நார்த் தூளும் கையில் வலை வாடையும் இருந்தன.

“கை கழுவுனியா? மீன் கவிச்சி அடிக்குது.”

“ரெண்டு தடவ கழுவிட்டேம்மா. போகமாட்டேங்குது.” அவள் விரல்களை மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள், ஏதோ சென்ட் போட்டவள் மாதிரி.

கணவன் சிவபிரகாஷ் அன்னவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எதையும் சிரிப்பாக்கிவிடுவான். “நீயும் ஒரு நா அந்த வலையில ஏறிப் பாரேன் சுடரு. கோவம் எறங்கிரும்.”

“மே தினத்துக் கிராம சபையில கேக்கப் போறேன்,” என்றாள் அவள். “திடல் நெழலான எடம். முகாமுக்கு எனக்குத்தான் வேணும். ஊரு எனக்குக் குடுக்குதா அவளுக்குக் குடுக்குதான்னு பாத்துருவோம்.”

“குடுக்கலன்னா?”

கொடுக்காவிட்டால் பேனரைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அப்புறம் அவள் யார்? ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டம்மா. அந்தச் சொல்லோடு இந்த ஊரில் மிச்ச நாளை ஓட்டுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலம், பிள்ளைகள் கலைந்த பிறகு, திடல் பக்கம் ஒரு நடை போனாள். சுத்தியலும் ஆணியும் எங்கே கிடக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால் சபையில் பேச வசதி. ஆணிகள் கண்ணில் படவில்லை. அவள் கண்டது வேறு.

நுழைகிற இடத்துக் கம்பில் திருஷ்டி பொம்மை தொங்கியது. புது வீடு கட்டினால் வாசலில் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி. பானைத் தலை, அதில் கரிக்கட்டையில் மீசை, வெளியே தள்ளிய சிவப்பு நாக்கு, முழி பிதுங்கிய கண். வைக்கோல் திணித்த உடம்பு. கீழே நீலநிற டிராக் பேண்ட். அதன் இடது முழங்காலில் ஒட்டுத் துணி. அந்த ஒட்டைத் தைத்தது அவள்தான்.

அவளுக்கு அந்தப் பேண்ட் எப்படி வந்தது என்பது ஊரில் யாருக்கும் நினைவில்லை. பிளஸ் டூ படிக்கையில் மாவட்ட கோ-கோ அணிக்குக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனதற்காக அப்பா ஒரு வாரம் பேசவில்லை. உடற்கல்வி படிக்கிறேன் என்று கேட்டபோது, “பொம்பளப்புள்ள கால் தெரிய ஓடிக் காட்டுறதெல்லாம் ஒரு படிப்பா?” என்று கணக்கில் சேர்த்துவிட்டார். அவள் மறுபேச்சு பேசாதவள். படித்தாள், கட்டிக்கொண்டாள், பேண்டை மட்டும் மடித்து வைத்திருந்தாள்.

அதை எடுத்து வைக்கோல் திணித்து, ராட்சசி முகம் வைத்து, ஊர் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண் வைக்கிறவள் இவள்தான் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற மகளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லிக் கொடுத்தது கீரைக்காரிதான், வேறு யார்?

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கிராம சபை. தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடிந்து ஒருவழியாகத் திடல் விசயம் வந்தது. தலைவர் மீனம்மாள் சுடர்விழிக்குப் பெரியம்மா முறை. ஒருத்தர் பக்கமும் சாயாத பொம்பளை.

“சொல்லு சுடரு. ஒனக்கு ஏன் திடலு வேணும்? பள்ளிக்கூடத்து மைதானம் இருக்குல?”

சுடர்விழி எழுந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். சுத்தியல், ஆணி, உயரம், விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தாய்மார்கள் தலையாட்டினார்கள். “அதுவும் சரிதான்” என்று ஒரு குரல் வந்தது. அத்தோடு பேச்சை முடித்து உட்கார்ந்திருந்தால் திடல் அவளுக்குத்தான். ஆனால் கதவோரம் ஷர்லி அமைதியாக நின்றுகொண்டிருந்தாள், அதே சிரிப்போடு. அதைப் பார்த்ததும் சுடர்விழிக்கு வாய் நிற்கவில்லை.

“இதெல்லாம் கூடப் பரவால்ல பெரியம்மா. வாசல்ல என்னையக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்களே, அது எந்த ஊரு நியாயம்? நான் கண்ணு வைக்கிறவளா? எம் மூஞ்சி திருஷ்டி பொம்ம மூஞ்சியா?”

கூடத்தில் எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

பின்வரிசையிலிருந்து பெரியவர் ஆத்மநாதன் மெதுவாகக் கேட்டார், “அட, அது நீயா தாயி? மீசை வச்சிருக்கவும் நான் எங்க மச்சினன்னுல்ல நெனச்சேன்.”

சிரிப்பு எழுந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தாய்மார்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பொற்கொடி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, அது நீ இல்லம்மா. நாங்க கட்டுனது எங்க வீடு மாதிரில? வீட்டுக்கு பொம்ம கட்டணும்ல? வைக்கோலு பிதுங்காம இருக்கக் கெட்டித் துணி தேடுனோம். பாத்திரக்காரருக்குப் போட வச்சிருந்த மூட்டையில அது இருந்துச்சு. அதான் எடுத்துட்டுப் போனேன்.”

போன வாரம் பரணை ஒழித்த சிவபிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் ஏன் திடலைக் கேட்டாள் என்பது கூடத்தில் இருந்த கைப்பிள்ளைக்குக்கூட விளங்கிவிட்டது.

“ரெண்டு பேரும் சேந்து நடத்துங்களேன்,” என்றாள் மீனம்மாள் கனிவாக.

“வேணாம் பெரியம்மா,” என்றாள் சுடர்விழி. “கூட்டு எனக்குச் சரிப்படாது.”

திடல் ஷர்லிக்குப் போனது. சுத்தியலும் ஆணியும் அவள் கண் முன்னால்தான் புழங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சுடர்விழி கோடு போடவில்லை. நேரே திடலுக்குப் போனாள். ஒருத்தரையும் பார்க்காமல், கம்பிலிருந்து பொம்மையை இறக்கி, பேண்டை உருவி, வைக்கோலைப் பிடி பிடியாக வெளியே இழுத்துப் போட்டாள். பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வைக்கோல் போனதும் சுருக்கம் விரிந்து, கால் பக்கத்தில் வெளுத்த எழுத்துகள் தெரிந்தன.

“பு… துக்… கோட்டை,” என்று எழுத்துக் கூட்டினாள் ஒரு சிறுமி. “கோ-கோ. டீச்சர், நீங்க வெளையாடுவீங்களா?”

“பின்ன?”

“நீங்க விசில்தானே ஊதுவீங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட அவள் இவர்களோடு ஓடியதில்லை. திரும்பிப் பார்த்தாள். வேலமர நிழலில் ஷர்லி இன்றைக்கு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம்கூட அசையாமல், திடல் தன்னுடையது என்ற நிம்மதியோடு.

நல்ல எண்ணம் ஒன்றும் சுடர்விழிக்கு அப்போது இல்லை. ஷர்லியால் இப்படி ஓடிக் காட்ட முடியாது என்று மட்டும்தான் தோன்றியது. வலைக்குப் பின்னால் போய்ச் சுடிதாருக்குமேல் அந்தப் பேண்டை ஏற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பு இறுக்கியது. துப்பட்டாவை மகளிடம் கொடுத்தாள். தனியாக நின்ற சவுக்குக் கம்பைக் கோ-கோ கம்பமாக நினைத்து அதை நோக்கி ஓடி, ஒரு கையால் பிடித்து, உடம்பு தரையைத் தொடாமல் ஒரு சுழல் சுழன்று, மறுபக்கம் நார்த் தூளில் பாய்ந்து விழுந்து, அதே வேகத்தில் எழுந்தாள். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கூரை இல்லாத அந்தத் திடலில் கூரை பிய்ந்ததுபோல ஒரு சத்தம்.

“டீச்சர், இன்னொரு தடவ!”

“டீச்சர், எனக்கு! டீச்சர், மொத எனக்குச் சொல்லிக் குடுங்க!”

“தள்ளு புள்ள, அது எங்க அம்மா!” என்றாள் பொற்கொடி.

வலையிலிருந்தும் டயரிலிருந்தும் கப்பலிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். சுடர்விழி மூச்சு வாங்கியபடி முதலில் பார்த்தது ஷர்லியின் முகத்தைத்தான். கீரைக்கட்டு மடியிலிருந்து நழுவியிருந்தது. ஷர்லி கூடையை விட்டு எழுந்து நின்றிருந்தாள். சிரிப்பு இல்லை.

“பசங்களா,” என்று கையைத் தட்டிக் கூப்பிட்டாள் ஷர்லி, “இங்கிட்டு வாங்க எல்லாரும். அந்தக் கப்பல் பாதியில கெடக்குது பாருங்க.”

ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. ஷர்லி இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

“அவங்களா வருவாங்க, நீ உக்காரு ஷர்லி,” என்று இங்கிருந்தே சொன்னாள் சுடர்விழி. சொல்லிவிட்டுக் கம்பைப் பார்க்கத் திரும்பினாள்.